பாதர்ஸ்ட் 1992: கார் ஓட்டப்போட்டியும் தேசிய உணர்வும்

விளையாட்டுக்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு சமூகத்தின் பொருளாதார நெருக்கடிகள் அதன் விளையாட்டு அரங்குகளிலும் வெளிப்படுகின்றன என்பதற்குச் சான்றுகள் பல உள. 1992 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆந் திகதி, அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பாதர்ஸ்ட் நகரில் நடைபெற்ற ஆயிரம் கிலோமீற்றர் கார் ஓட்டப்போட்டி அத்தகைய சான்றுகளுள் ஒன்றாகும். அன்று வெற்றி பெற்ற இருவரையும் வெற்றிமேடையின் கீழ்த் திரண்டிருந்த கூட்டம் ஏளனக் குரல் எழுப்பியே எதிர்கொண்டது. அவர்கள் விதி எதனையும் மீறியவர்களல்லர். அவர்கள் செலுத்தியது யப்பானியக் கார் என்பதே அக்கூட்டத்தின் பிரதான குறையாக இருந்தது. அக்கூட்டம் எதனைத் தன்னுடையதென்று கொண்டது, எதனை அந்நியமென்று தள்ளியது, அப்பாகுபாட்டுக்கு எவ்வளவு ஆதாரம் இருந்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

வீதியில் ஓடும் சாதாரணப் பயணக் கார்களை அடிப்படையாகக் கொண்டு நடத்தப்படுவது டூரிங் கார் ஓட்டப்போட்டி. அவுஸ்திரேலிய டூரிங் கார் சம்பியன் போட்டி 1960 இல் தொடங்கியது. முதல் நான்கு ஆண்டுகளிலும் பிரித்தானியாவின் ஜாகுவார் கார்களே வென்றன. 1965 முதல் 1969 வரை அமெரிக்காவின் போர்ட் மஸ்டாங் கார்கள் முன்னணியில் நின்றன. உள்நாட்டுக் கார் ஒன்று முதன்முறையாகச் சம்பியன் பட்டத்தைப் பெற்றது 1970 இலேயே; நோம் பீச்சி செலுத்திய ஹோல்டன் மொனாரோ அது. பாதர்ஸ்ட் போட்டி இச்சம்பியன் தொடரினின்று வேறாக, ஆண்டுக்கொரு முறை நடத்தப்பட்ட நெடுந்தூரப் போட்டியாகும். நகரை அடுத்துள்ள பனோரமா மலைமீது ஏறி இறங்கும் 6.213 கிலோமீற்றர் நீளமான பொது வீதியே அதன் களம். தொடக்க காலத்தில் அவுஸ்திரேலியாவில் உற்பத்தி செய்யப்பட்ட அல்லது பொருத்தப்பட்ட கார்களுக்கே அப்போட்டி உரியதாயிருந்தது. எனவே, கடையிற் சென்று வாங்கக்கூடிய தங்கள் காரே மலைமீது ஓடுகின்றது என்ற உணர்வு மக்களிடையே வேரூன்றியது. ஹோல்டன் பக்கம், போர்ட் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்து நின்று பரம்பரையாக ஆதரவளிக்கும் வழக்கமும் இவ்வாறே தோன்றிற்று.

1985 இல் இந்நிலை மாறியது. ‘குறூப் ஏ’ எனப்படும் சர்வதேச விதிமுறையைச் சம்பியன் போட்டி ஏற்றுக்கொண்டது. அவ்விதியின்படி ஆண்டொன்றில் 5,000 கார்கள் உற்பத்தியான எந்த மாதிரியும் எந்த நாட்டிலும் போட்டியிடலாம். அவ்வாண்டே பி.எம்.டபிள்யூ. காரும், 1986 இல் வொல்வோ காரும் சம்பியன் பட்டத்தைப் பெற்றன. 1988, 1989 ஆகிய இரு ஆண்டுகளிலும் போர்ட் சியரா வென்றது. 1990 முதல் நிசான் கம்பனியின் முறை வந்தது. அதன் ஜீ.ரீ.ஆர். கார் நான்கு சில்லுகளுக்கும் வலுவூட்டப்பட்டது, 2.6 லீற்றர் கொள்ளளவுடைய ஆறு சிலிண்டர் இயந்திரமும் இரண்டு டேர்போக்களும் கொண்டது. 1991 இல் சம்பியன் பட்டத்தையும் பாதர்ஸ்ட் வெற்றியையும் அது ஒருங்கே கைப்பற்றியது. 1992 இல் மேலதிக எடை சுமத்தப்பட்டும், டேர்போவின் அமுக்கம் கட்டுப்படுத்தப்பட்டும் அதன் ஆதிக்கம் தளரவில்லை.

இவ்வாறான சூழலிலேயே ஒக்டோபர் 4 ஆந் திகதிப் போட்டி நடைபெற்றது. மழை பெய்துகொண்டிருந்தது. 1967 இல் உலகச் சம்பியனாக விளங்கிய நியூசிலாந்து வீரர் டெனி ஹல்ம், பார்வை மங்குவதாக வானொலி மூலம் தம் குழுவினருக்கு அறிவித்தார். அது மழையின் விளைவென்றே முதலிற் கருதப்பட்டது. சிறிது நேரத்தில், கொன்ரொட் நேர்வழியில் அவரது பி.எம்.டபிள்யூ. கார் பாதையோரச் சுவரை உரசிச் சென்று நின்றது. மாரடைப்பினால் ஹல்ம் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

போட்டி தொடர்ந்தது. 161 சுற்றுக்களில் இறுதிப் பகுதி நெருங்கியபோது பெருமழை கொட்டியது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி மோதின. முன்னணியில் நின்ற ஜிம் ரிச்சட்ஸ் செலுத்திய நிசானும் சுவரில் மோதிச் சேதமுற்று, ஏற்கெனவே நின்றுவிட்ட கார்களிடையே சென்று சிக்கியது. சிவப்புக் கொடி காட்டப்பட்டுப் போட்டி நிறுத்தப்பட்டது. விதிப்படி 143 ஆவது சுற்றின் நிலையே முடிவாகக் கொள்ளப்பட்டது. அவ்வாறு நோக்கியபோது ரிச்சட்ஸும் அவரது இணைவீரர் மார்க் ஸ்கேஃபும் முதலிடத்துக்குரியவராயினர். டிக் ஜோன்சன், ஜோன் போ இருவரது போர்ட் சியரா இரண்டாமிடம் பெற்றது. நொறுங்கிக் கிடந்த கார் வென்றதாகவும், பாதையில் ஓடிக்கொண்டிருந்த கார் தோற்றதாகவும் அறிவிக்கப்பட்டமை கூட்டத்தின் சினத்தை மேலும் மூட்டியது. நண்பர் ஹல்மின் மரணச் செய்தியைச் சற்று முன்னரே கேட்டறிந்திருந்த ரிச்சட்ஸ், மேடையில் நின்று கூட்டத்தை நோக்கிக் கடுஞ்சொல் கூறினார். அக்காட்சி தொலைக்காட்சி மூலம் நாடெங்கும் சென்றது.

இனி, கூட்டத்தினரின் பாகுபாட்டைச் சற்று நுணுகி நோக்குவோம். அவர்கள் இகழ்ந்த ரிச்சட்ஸ் அவர்களுக்குப் புதியவரல்லர். நியூசிலாந்திற் பிறந்த அவர், 1978, 1979, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பீற்றர் புறொக்குடன் இணைந்து ஹோல்டன் காரில் அதே மலையில் வென்றவர். 1979 இல் அவ்விருவரும் ஆறு சுற்றுக்கள் முந்தி வென்றபோது ஆரவாரம் எழுந்ததும் அதே மலையிலேயே. நிசான் குழுவை நடத்திய பிரெட் கிப்சன் 1967 இல் போர்ட் பால்கன் காரில் பாதர்ஸ்ட் வெற்றி பெற்றவர். அவரது குழு மெல்பேணைத் தளமாகக் கொண்டது. போட்டிக்குரிய வகையில் அக்கார்களைச் செம்மைப்படுத்தியவர்களும் அக்குழுவைச் சேர்ந்த வினைஞர்களே.

மறுபுறம், கூட்டம் தன்னுடையதெனக் கொண்டாடிய சியரா ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட கார். அவுஸ்திரேலியச் சந்தையில் அது விற்பனை செய்யப்பட்டதே இல்லை. அதனைச் சொந்தமாக்கியவை போர்ட் என்ற பெயரும் டிக் ஜோன்சன் என்ற மனிதருமேயாவர். 1980 இல் பாதையிற் கிடந்த பாறையில் மோதி அவரது பால்கன் சிதைந்தபோது, தொலைக்காட்சியிற் கண்ட மக்கள் தாமாகவே பணம் அனுப்பினர். மறு ஆண்டு அவர் பாதர்ஸ்ட்டில் வென்றார். அத்தகைய பற்று இயல்பானதே. ஆயின், அது மனிதர்மீது கொண்ட பற்றேயன்றிக் காரின் பிறப்பிடம் பற்றிய உண்மையன்று. போர்ட் கம்பனியும், 1931 முதல் ஹோல்டனின் உரிமையாளராகவிருந்த ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியும் அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 1986 இல் வெளிவந்த ஹோல்டன் கொமடோர் காரின் ஆறு சிலிண்டர் இயந்திரம் நிசான் கம்பனியினுடையது; யப்பானிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது. ஈயமற்ற பெற்றோல் கட்டாயமாக்கப்பட்ட வேளையில் ஹோல்டனின் பழைய இயந்திரம் அதற்கு ஏற்றதாக இல்லாமையே காரணம். பாதர்ஸ்ட்டில் இகழப்பட்ட ஜீ.ரீ.ஆர். காரின் இயந்திரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

இக்கலப்பு தற்செயலானதன்று. 1984 இல் கைத்தொழில் அமைச்சர் ஜோன் பட்டன் வகுத்த திட்டம், தீர்வைச் சுவரின் பின் வளர்ந்த கார்க் கைத்தொழிலைப் படிப்படியாக உலகச் சந்தைக்குத் திறந்துவிட்டது. 1988 இல் இறக்குமதிப் பங்கீடு நீக்கப்பட்டது. தீர்வையும் ஆண்டுதோறும் குறைக்கப்பட்டது. கம்பனிகள் தத்தம் மாதிரிகளை ஒன்றுக்கொன்று பகிர்ந்து, வேறு பெயர்களில் விற்கலாயின. இப்போட்டியில் தாழ்ந்தது நிசான். மெல்பேணின் கிளேய்ட்டன் பகுதியிலிருந்த அதன் தொழிற்சாலையை மூடும் முடிவு 1992 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மூடப்பட்டது அதே ஒக்டோபர் மாதத்திலாகும். மலையடிவாரத்தில் நிசானை அந்நியனென்று கூட்டம் இகழ்ந்த அதே மாதத்தில், நிசான் கார்களைப் பொருத்திவந்த அவுஸ்திரேலியத் தொழிலாளர் வேலையிழந்தனர். கூட்டத்தின் கவனத்தில் அவர்கள் இடம்பெறவில்லை.

மக்களின் எதிர்ப்பே நிசானைக் களத்திலிருந்து விரட்டியது என்ற கருத்துப் பரவலாக உள்ளது. இது ஏற்கத்தக்கதன்று. 1993 முதல் எட்டுச் சிலிண்டர் இயந்திரம் பூட்டிய பால்கன், கொமடோர் கார்களே முதன்மை பெறும் வகையிலான விதி அப்போட்டிக்கு முன்னரே முடிவாகியிருந்தது. பெருஞ்செலவு காரணமாகக் ‘குறூப் ஏ’ முறை ஏனைய நாடுகளிலும் கைவிடப்பட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தின் குரல் அம்முடிவுக்குக் காரணமன்று. அம்முடிவை வரவேற்கும் மனநிலை எவ்வளவு ஆழமாயிருந்தது என்பதையே அது காட்டுகின்றது.

பின்னர் நிகழ்ந்தவை இவ்வாய்வுக்கு மேலும் துணைசெய்கின்றன. கிப்சன் குழு ஹோல்டனுக்கு மாறியது. ஸ்கேஃப் 1994 இல் ஹோல்டன் காரிற் சம்பியனானார். 2002 இல், சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, ரிச்சட்ஸும் ஸ்கேஃபும் மீண்டும் இணைந்து பாதர்ஸ்ட்டில் வென்றனர். மனிதர் அவர்களே, மலையும் அதுவே, கார் மட்டும் ஹோல்டன் கொமடோர். இம்முறை எழுந்தது வாழ்த்தொலி.

களத்தில் எழுப்பப்பட்ட வேலி தொழிற்சாலைகளைக் காக்கவில்லை. போர்ட் 2016 ஒக்டோபரில் அவுஸ்திரேலிய உற்பத்தியை நிறுத்தியது. 2017 ஒக்டோபர் 20 ஆந் திகதி ஹோல்டனின் எலிசபெத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அத்துடன் அந்நாட்டின் பெருமளவிலான கார் உற்பத்தி முடிவுற்றது. ஹோல்டன் என்ற பெயரை நீக்கும் முடிவு 2020 இல் அறிவிக்கப்பட்டது. 2023 முதல் அச்சம்பியன் போட்டியில் மோதியவை மஸ்டாங், கமாரோ எனும் அமெரிக்கப் பெயர் தாங்கிய கார்கள். அறுபதுகளில் இருந்த நிலை ஒருவகையில் திரும்பி வந்தது எனலாம்.

பாதர்ஸ்ட்டில் திரண்ட மக்களின் பற்றுப் பொய்யானதன்று; தம் கைகளால் ஒரு காரைச் செய்யவல்ல நாடு என்ற பெருமிதம் அதனுள் இருந்தது. ஆனால், அப்பெருமிதத்தைக் குலைத்த சக்திகள் மேடைமீது நிற்கவில்லை. அவை தீர்வை அட்டவணைகளிலும் பல்தேசியக் கம்பனிகளின் கணக்கேடுகளிலும் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்த இருவர்மீது கூட்டம் தன் சினத்தைக் கொட்டியது. நண்பரை இழந்த துயரோடு நின்ற ஒருவர் அதனை ஏற்க நேர்ந்தது.