இஃபீட்

இஃபீட் என்பது ஓய்ந்துபோன, சாரமற்ற, நாசூக்கு மிகுந்து திராணி குன்றிய என்னும் பொருள்களில் வழங்கும் ஆங்கிலப் பெயரடை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய இதன் மூலம் எஃபேட்டுஸ் என்ற லத்தீன் சொல். ‘வெளியே’ என்னும் பொருளுள்ள எக்ஸ் முன்னொட்டும், ஈனுதலைக் குறிக்கும் ஃபேட்டுஸும் கூடியது அது. ஈன்று ஓய்ந்தது என்பது நேர்ப்பொருள். கருவைக் குறிக்கும் மருத்துவச் சொல்லான ஃபீட்டஸுக்கும் வேர் அந்த ஃபேட்டுஸே.

இந்த வேரைக் காட்டி, பலவீனம் என்ற பொருள் பிற்காலத்தார் ஏற்றியது என்று ஒருவர் வாதிடலாம். லத்தீன் இலக்கியம் அதற்கு இடம் தரவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ், முன்பு பெரும் விலங்குகளைப் பெற்ற பூமி இப்போது சிற்றுயிர்களைப் பெறவே திணறுகிறது என்று சொல்லுமிடத்தில் இச்சொல்லை ஆள்கிறார். அங்கே தாய்மை உருவகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதே நூற்றாண்டில் வர்ஜில், ‘ஜியார்ஜிக்ஸ்’ முதற்காண்டத்தில், சாம்பல் தூவித் தேற்றவேண்டிய சத்திழந்த வயல்களுக்கு இதை அடையாக்குகிறார். ‘ஈனிட்’ ஐந்தாம் காண்டத்திலோ முதிய குத்துச்சண்டை வீரன் என்டெல்லஸ், தன் உடலின் வலு ஓய்ந்ததை இதே சொல்லால் கூறுகிறான். ஆண்மகன், அதுவும் மல்லன். பிள்ளைப்பேற்றுக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே பொருள் விரிந்தது ரோமிலேயேதான்.

ஓய்ந்த உடலிலிருந்து ஓய்ந்த சமுதாயத்துக்கும், சொகுசில் ஊறித் துடிப்பிழந்த மேட்டுக்குடிக்கும் ஆங்கிலம் இதை நகர்த்தியது. 1969 அக்டோபரில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஸ்பைரோ அக்னியூ, வியட்நாம் போரை எதிர்த்தோரைத் தூண்டிவிடும் அறிவுஜீவிகள் என்று தாம் கருதியவர்களைச் சாட இதைக் கையாண்டார். வசைச்சொல்லாக அது பரவலாக அறியப்பட்டதில் அந்தப் பேச்சுக்குப் பெரும் பங்குண்டு.

பெண்தன்மையுள்ள ஆண் என்ற பொருளை இன்றைய அகராதிகள் சிலவும் பதிவுசெய்கின்றன. பெண்தன்மையுள்ள எனப் பொருள்படும் எஃபெமினேட் என்ற சொல்லின் ஒலியொப்புமையால் நேர்ந்த குழப்பமே அது என்பது ஆட்சேபம். ஒலிக்கு அதில் பங்கிருக்கலாம். ஆனால் சொகுசையும் மென்மையையும் பெண்மையோடு சேர்த்துப் பழிக்கும் பழைய வழக்கம் இல்லாவிட்டால் அந்த ஒலி மட்டும் இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்காது. புழக்கத்துக்கு வந்துவிட்ட பொருளைப் பிழையென்று தள்ளமுடியாது. எனினும் வர்ஜிலின் வயலுக்கும் வீரனுக்கும் பொருந்திய தளர்ச்சி இதில் இல்லை. வெறும் ஏளனமே எஞ்சுகிறது. இச்சொல்லின் பொருள்களில் மிக வறியது இதுவே.