பூசணம் தந்த மருந்து

மழைக்காலத்தில் வைத்து மறந்த ரொட்டியில் பூசணம் படர்ந்திருக்கக் கண்டால், நாம் முகஞ்சுளித்து அதை எறிந்துவிடுகிறோம். அந்தப் பூசண இனங்களுள் ஒன்றே பெனிசிலின் என்னும் அரிய மருந்தை உலகுக்கு அளித்தது. அதன் வரலாற்றை நோக்கின், ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறு, அதன் பயன் நோயாளியின் படுக்கையை எட்டுவது வேறு என்பது நமக்குப் புலனாகும்.

1928 செப்டம்பரில், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்ஸாண்டர் பிளெமிங் விடுமுறை கழிந்து திரும்பினார். அவர் கிருமிகளை வளர்த்து வைத்திருந்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூசணம் முளைத்திருந்தது. அதைச் சூழ்ந்திருந்த கிருமிகள் அழிந்திருந்தன. பூசணத்தின் பெயர் பெனிசிலியம் ஆதலால், அது சுரந்த பொருளைப் பெனிசிலின் என்றார். ஆயினும் அதைத் தூய நிலையில் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை.

அப்பணியை ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் மேற்கொண்டனர். 1940 மே 25ஆம் நாள், எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமிகளை ஏற்றினர். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் மாண்டன. கிருமி தன் உடற்சுவரைக் கட்டுவதைப் பெனிசிலின் தடுக்கிறது. மனித உயிரணுவுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால், கிருமியைக் கொல்லும் அம்மருந்து நம் உயிரணுக்களைத் தாக்குவதில்லை.

1941 பிப்ரவரியில் காவலர் ஒருவருக்கு அது செலுத்தப்பட்டது. அவர் வியக்கத்தக்கவாறு தேறினார். ஆனால் கையிருப்போ மிகச் சொற்பம். அவருடைய சிறுநீரில் கழிந்த மருந்தையும் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் தீர்ந்தது; மார்ச் மாதத்தில் அவர் உயிர் நீத்தார். மருந்து தோற்கவில்லை; அளவுதான் போதவில்லை.

அக்குறையைப் போக்க அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வுக்கூடம் முனைந்தது. மக்காச்சோளத்தை ஊறவைத்த நீரில் பூசணம் செழித்து, மருந்தை மிகுதியாகச் சுரந்தது. பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றிலிருந்து இன்னும் வளமான இனம் கிடைத்தது. போர் முடியுமுன்னரே பெனிசிலின் பேரளவில் உற்பத்தியாயிற்று.

விடுதலை பெற்ற நம் நாடு அம்மருந்துக்குப் பிறநாடுகளையே எதிர்பார்த்திருத்தல் தகாதென்று அரசு கருதியது. புனே நகரை அடுத்த பிம்ப்ரியில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் உலகச் சுகாதார நிறுவனமும் துணைபுரிய, 1954இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. 1955இல் அங்கு பெனிசிலின் உற்பத்தி தொடங்கிற்று. லண்டனில் கண்ட பூசணத்தின் பயன் இந்தியத் தொழிற்சாலையில் விளைய இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

1945இல் நோபெல் பரிசு பெற்றபோதே பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: போதிய அளவின்றி இம்மருந்தைப் பயன்படுத்தினால், கிருமிகள் அதை எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்றார். அவர் அஞ்சியது நிகழ்ந்துவிட்டது. மருத்துவரைக் கேளாமல் உண்பதும், சொன்ன காலத்துக்கு முன் நாமே நிறுத்துவதும் ஆகா. அன்று மருந்து தீர்ந்தமையால் ஓர் உயிர் பிரிந்தது. மருந்து இருந்தும் அது பலிக்காமல் உயிர்கள் பிரியும் நிலைக்கு நாம் காரணமாகலாகாது.