நாலாயிரம் அடியில் பிறந்த நீச்சற்காரர்

லிந்துலையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக ரொறன்ரோவில் வாழ்கிறார். வயது ஐம்பத்தெட்டு. அமெரிக்காவின் மலை நகரம் ஒன்றில் நடக்கவிருக்கும் மூத்தோர் நீச்சற் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். “நாலாயிரம் அடியில் பிறந்தவன் நான். உயரம் என்னை என்ன செய்துவிடும்?” என்பது அவர் கேள்வி.

கேள்வியில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் நீந்தப் பழகியதே நாற்பது வயதுக்குப் பிறகு, கனடாவில்தான். எங்கள் சிறுவயதில் லயத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகம் ஏது? அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து வரும் ஆறு மழைக்காலத்தில் கலங்கிப் பெருகும். அந்தப் பக்கம் போனதாகத் தெரிந்தாலே வீட்டில் அடி விழும். ஈழத்துத் தமிழரின் நீச்சற் புகழ் முழுவதும் கடற்கரைக்கே உரியது. 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் ஐம்பத்தொரு மணித்தியாலங்களில் நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறையின் பிள்ளை.

உயரம் நீச்சல் வீரரை என்ன செய்யும் என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது 1968இல், மெக்சிக்கோ நகர ஒலிம்பிக்கில். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் நுவரெலியாவோ 1,868 மீற்றர். காற்று ஐதாக இருந்ததால் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் சிலர் இலாபம் அடைந்தனர். பொப் பீமன் 8.90 மீற்றர் பாய்ந்தது அங்கேதான். நீச்சல் வீரருக்கு அந்த இலாபம் இல்லை. அவரை எதிர்ப்பது தண்ணீர், அதன் கனம் எங்கும் ஒன்றே. நூறு மீற்றர் போன்ற குறுந்தூரத்தில் மூச்சுக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. அவுஸ்திரேலியாவின் மைக்கேல் வெண்டன் அதை 52.2 செக்கனில் நீந்தி உலகச் சாதனையே படைத்தார். ஆயிரத்து ஐந்நூறு மீற்றரின் கதை வேறு. அமெரிக்கரான மைக் பேர்ட்டன் செப்டெம்பர் தொடக்கத்தில் லோங் பீச்சில், கடல் மட்டத்தில், 16 நிமிடம் 8.5 செக்கனில் உலகச் சாதனை படைத்திருந்தார். ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து மெக்சிக்கோவில் தங்கம் வென்றபோது அவருக்குத் தேவைப்பட்டது 16 நிமிடம் 38.9 செக்கன். அதே மனிதர், அதே தூரம். அரை நிமிடத்தை மலை வாங்கிக்கொண்டது. அவருக்கு முன் உலகச் சாதனையை வைத்திருந்த எச்செவெரியா மெக்சிக்கோவின் சொந்தப் பிள்ளை. சொந்த மண், சொந்தக் கூட்டம், பதக்கம் கிடைக்கவில்லை.

ஓடுபவர் வேண்டியபோது மூச்சு வாங்கலாம். நீந்துபவருக்கோ கைவீச்சு அனுமதிக்கும்போதுதான் மூச்சு. உயரத்தில் இந்தக் கட்டுப்பாடு இரட்டிப்பாக உறுத்தும். மூன்று வீச்சுக்கு ஒருமுறை மூச்செடுக்கும் பழக்கத்தை அங்கே இரண்டு வீச்சுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வதே புத்தி.

பிறந்த மண் காப்பாற்றாதா? சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாட்கள். முப்பது ஆண்டு ரொறன்ரோவில் வாழ்ந்தவரின் இரத்தத்தில் லிந்துலை இல்லை. புதிய அணுக்கள் பெருகவோ வாரக்கணக்கில் மேலே தங்க வேண்டும். மூன்று வாரம் முன்பே போய்த் தங்குங்கள், முடியாவிட்டால் போட்டிக்கு முதல்நாள் போய் இறங்குங்கள் என்றேன். இடைப்பட்ட சில நாட்களே பலருக்கு மோசமானவை: தூக்கம் கெடும், உடல் நீரை இழக்கும்.

மூத்தோர் நீச்சலின் வரலாறும் ஓர் உயரமான ஊரில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ரான்சம் ஆர்தரின் முயற்சியால் 1970 மே மாதத்தில் முதல் தேசியப் போட்டி டெக்சாசின் அமாரில்லோவில் நடந்தது. ஏறத்தாழ 1,100 மீற்றர்; தலவாக்கலையைவிடச் சற்றே தாழ்வு. ஐம்பது பேர்கூடத் தேறவில்லை. உலகப் போட்டியாக அது வளர்ந்தது 1986இல், டோக்கியோவில்.

வயது ஒரு வகையில் துணையும் செய்யும். 2010இல் லூயிஸ் பியூ, நாற்பது வயதில், எவரெஸ்ட் அருகே 5,300 மீற்றர் உயரத்துப் பனி ஏரியில் ஒரு கிலோமீற்றர் நீந்தினார். வடதுருவத்தில் 2007இல் நீந்தியதுபோல் வேகமாக நீந்திப் பார்த்த ஒத்திகையில் மூழ்கிவிடும் நிலைக்குப் போனார். வேகத்தைக் கைவிட்டு, தவளை நீச்சலில் மெல்ல நீந்தியபோதே கரை சேர்ந்தார்.

ஆனந்தனையும் நண்பருக்கு நினைவுபடுத்தினேன். இளஞ்சூடான பாக்கு நீரிணையை வென்றவர், 1984 ஓகஸ்டில் குளிர்ந்த ஆங்கிலக் கால்வாயில் நீந்தும் முயற்சியில் உயிர்நீத்தார். வயது நாற்பத்தொன்று. நண்பர் சற்றுநேரம் பேசவில்லை.

அடுத்த வாரம் மறுபடி அழைத்தார். முதல் நூறு மீற்றரை வேண்டுமென்றே மெதுவாக நீந்திப் பழகுகிறாராம். இருதயப் பரிசோதனைக்கும் நாள் எடுத்திருக்கிறார். அதன் முடிவு வந்த பிறகுதான் விமானச் சீட்டு.