54 சதமும் ஒரு தாள் செய்தியும்

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை, பெலிஹுல் ஓயா வழியாக ஏறிவரும் ஏ-4 வீதி ஹல்துமுல்லையைத் தொடும் இடத்தில், தெற்கே தரை சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. வானம் வெளித்த நாளில் கீழ்நாட்டுச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். வடக்கே அண்ணாந்து பார்த்தால் முழுக்கத் தேயிலை மலை. அந்த மலைக்கு மேலே, அப்புத்தளைப் பக்கம், டம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கினார். இந்தச் சரிவுத் தேயிலையின் விலையைத் தீர்மானித்தது லண்டன் மின்சிங் லேன் ஏலம். அங்கே விலை விழுந்தால், சில மாதங்களில் இங்கே பிரட்டுக்களத்தில் ஒருவருடைய பேர் விழாமல் போகும்.

இந்த மலை அதற்கு முன்பே ஒரு வீழ்ச்சியைப் பார்த்திருந்தது. 1869இல் கோப்பி இலையில் தோன்றிய துருநோய் பதினைந்து வருடத்தில் கோப்பிக் காடுகளைத் தின்று தீர்த்தது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, கடனில் நின்ற துரைமார் மட்டும் கெட்டுப்போகவில்லை. மாதக்கணக்கில் கூலி பாக்கி வைக்கப்பட்டிருந்த ஆட்கள் வெறுங்கையோடு நின்றார்கள். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. தோட்டம் பெருத்தது. லயம் அப்படியே இருந்தது.

இக்கட்டுரை அதிகம் நிற்கப்போவது 1929க்கும் 1940க்கும் இடைப்பட்ட காலத்தில். அந்த வருடங்களில் மலையகத் தொழிலாளியின் கூலி குறைந்தது, வேலை நாள் குறைந்தது. அதே வருடங்களில்தான் அவர் கைக்குச் செய்தித்தாளும் வாக்குச்சீட்டும் சங்கமும் வந்தன. ஆனால் பக்கத்திலேயே இருந்த ஒரு கதவு, ஊர்ச்சபையின் கதவு, அப்போதும் சாத்தியே வைக்கப்பட்டது. அது திறக்க எத்தனை காலம் பிடித்தது என்பதே ஹல்துமுல்லை போன்ற ஊர்களின் உண்மையான அரசியல் வரலாறு.

விடியுமுன் தப்பு முழங்கும். பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆணும் பெண்ணும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை கையில் செக்ரோல் இருக்கும். அதில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் உண்டு. மாலையில் கொழுந்து நிறுக்கும்போது றாத்தல் குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். நாள் முழுக்க மலை ஏறி இறங்கியவளுக்கு அரைநாள் கூலி. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் கையில் எண்ணிப் போடப்படும் சில்லறையில் பெரிய கங்காணியின் கடனும் போனால், மிச்சம் என்னவென்று கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்குக்கு முதல்முறையாக ஒரு அடித்தளம் போட்டது 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விகிதம் வந்தது. பெண்தான் கொழுந்து பறிக்கிறாள், ஏற்றுமதியாவது அவள் விரல் நுனியில் வந்தது, ஆனாலும் அவளுக்கு 11 சதம் குறைவு. அந்த வித்தியாசத்தைச் சட்டமே எழுதிவைத்தது என்பதை வாசிக்கும்போது இன்றைக்கும் மனம் சுருங்குகிறது.

மை காயுமுன் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. 1931 முதல் 1933 வரை அந்த 54 சதத்தில் திரும்பத் திரும்பக் கைவைத்தார்கள். தோட்ட உரிமையாளர் சொன்ன காரணம் ஒன்றுதான்: அரிசி விலையும் இறங்கிவிட்டது, ஆகவே கூலியும் இறங்கலாம். குறைந்த கூலிக்கு வேலைசெய்ய விரும்பாதவர் அரசாங்கச் செலவில் இந்தியாவுக்குத் திரும்பிப் போகலாம் என்றும் ஏற்பாடு வந்தது. அந்த வருடங்களில் தலைமன்னாரில் வந்து இறங்கியவர்களைவிடக் கப்பலேறியவர்களே அதிகம். இங்கே பிறந்து, இங்கே பிள்ளை பெற்று, ஊர் என்றால் பெற்றோர் சொன்ன கதையாக மட்டுமே தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். அப்போது கண்டியில் இந்திய அரசாங்க ஏஜெண்டாக இருந்த, பிற்காலத்தில் இந்திய வெளியுறவுச் செயலாளரான கே. பி. எஸ். மேனனுக்கு இந்தக் கூலிக் குறைப்பும் ஆட்களைத் திருப்பி அனுப்பும் வேலையுமே பெரும் தலைவலியாக இருந்தது.

1933 ஏப்ரல் முதலாம் தேதி இந்தியா, இலங்கை, டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் சேர்ந்து தேயிலை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. முதல் வருடத்தில் 15 சதவீதக் குறைப்பு. விலை மெல்ல நிமிர்ந்தது, கம்பனிகள் மூச்சுவிட்டன. ஏற்றுமதிக்குக் கொழுந்து குறைவாகத் தேவைப்பட்டால் பறிக்கும் கைகளும் குறைவாகத்தான் தேவைப்படும். அந்த மூச்சின் விலை பிரட்டுக்களத்தில் கொடுக்கப்பட்டது.

இனி செய்தித்தாள். 1929க்கு முன்பே இதற்கு வித்திட்டவர் கோ. நடேசய்யர். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர். தோட்டத்துக்குள் வெளியாள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலத்தில், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டறிந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய சாரல்நாடன் பதிந்திருக்கிறார். 1921இல் ‘தேசநேசன்’, பின்னர் ‘தேசபக்தன்’ என்று அவர் நடத்திய பத்திரிகைகள் துரை, கங்காணி, கடன், பற்றுச்சீட்டு ஆகியவற்றை அச்சில் ஏற்றின. அவர் மனைவி மீனாட்சியம்மையும் பத்திரிகை வேலையில் தோள்கொடுத்தார். கூட்டங்களில் அவர் தாமே இயற்றிய பாட்டுகளைப் பாடிய பிறகுதான் நடேசய்யர் பேச எழுவார். எழுத்துக் கூட்டத் தெரியாத சனங்களுக்கு அந்தப் பாட்டே தலையங்கம்.

வியப்பு என்னவென்றால், வியாபாரம் படுத்துக்கிடந்த அந்த நேரத்தில்தான் இலங்கையின் பெரிய தமிழ் நாளேடுகள் இரண்டும் பிறந்தன. ஆவணிப்பட்டியைச் சேர்ந்த பெ. ரா. சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்ட் 6இல் ‘வீரகேசரி’யைத் தொடங்கினார். 1932 மார்ச்சில் லேக் ஹவுஸிலிருந்து ‘தினகரன்’ வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வ. ரா. வந்து சிலகாலம் வீரகேசரிக்கு ஆசிரியராக இருந்தார். கூலிக் குறைப்பு, திருப்பி அனுப்புதல், இந்தியாவின் சுதந்திரப் போராட்டம் எல்லாம் அந்தப் பக்கங்களில் வந்தன. இவற்றைப் படிக்க ஒரு கூட்டம் காத்திருந்தது. அந்தக் கூட்டத்தில் பலருக்கு எழுத்து தெரியாது. லயத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் மண்ணெண்ணெய் விளக்கு, அதைச் சுற்றி பத்துப் பேர், நடுவே எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு பையன். தாள் எத்தனை நாள் பழையது என்று யாரும் பார்ப்பதில்லை. கடையில் பருப்புச் சுற்றி வந்த தாளையும் உதறி நீவி விரித்து வாசிக்கச் சொல்வார்கள்.

அந்தப் பையனை உருவாக்கியது எது? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் துரையிடம் ஒப்படைத்தது. பள்ளிக்கூடம் என்றால் தனிக் கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் ஒரு லயக்காம்பிரா, சில இடங்களில் பிள்ளைக் காம்பிரா. ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே அறையில். அவர் தோட்டத்து ஆளாக இருப்பார், வேறு கணக்கு வேலையும் அவர் தலையில் விழும். பத்து வயது தாண்டினால் பையன் கையில் கூடை, பெண்பிள்ளை இடுப்பில் தம்பி. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதுவரை என்று பேசிய அதே சட்டம், மலையில் பத்தோடு நிறுத்திக்கொண்டது. மந்த காலத்தில் வீட்டில் கூலி குறைந்தபோது பிள்ளையின் சம்பளச் சதம் முன்னைவிட அவசியமாயிற்று. பள்ளிக்கூட இடாப்புக்கும் செக்ரோலுக்கும் இடையில் போட்டி வந்தால் செக்ரோலே வெல்லும். ஆனாலும் அந்த நாலு வருடத்தில் எழுத்துக் கூட்டப் பழகியவர்கள்தாம் விளக்கடியில் தாளை வாசித்தார்கள், சங்கத்துக்கு மனு எழுதினார்கள்.

சங்கம் என்ற அமைப்பு மலைக்கு வந்தது 1931இல், நடேசய்யரின் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனமாக. அதே வருடம் ஜூன் மாதம் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமையில் முதல் தேர்தல் நடந்தது. இந்தியத் தமிழர் சுமார் ஒரு லட்சம் பேர் வாக்காளராகப் பதிந்திருந்தார்கள். அட்டனிலிருந்து பெரி. சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் சட்டசபைக்குப் போனார்கள். ஹல்துமுல்லை அடங்கிய ஊவாவிலிருந்து இந்தியத் தமிழர் ஒருவரும் போகவில்லை. பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். அவர் அமைச்சராக இருந்தபோதே கூலி குறைக்கப்பட்டது என்பது அந்தக் காலத்தின் கசப்பான உண்மை. 1936இல் நடேசய்யரே அட்டனில் வென்றார்.

சட்டசபைக்கு வாக்களிக்கலாம். ஆனால் வீட்டுக்கு முன்னால் ஓடும் பாதையையும், குடிக்கும் தண்ணீரையும், சந்தையையும் பார்க்கும் கிராமச் சபைக்கு? 1889ஆம் ஆண்டின் கிராமச் சபைச் சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளரை வெளியே வைத்திருந்தது. அதே சட்டத்தில் ஐரோப்பியரும் பறங்கியரும்கூட வெளியேதான் இருந்தார்கள். 1937இல் சட்டம் திருத்தப்பட்டபோது அவர்கள் உள்ளே எடுக்கப்பட்டார்கள். தொழிலாளி வெளியிலேயே விடப்பட்டார். இந்தியாவிலிருந்து கண்டனம் எழுந்ததும், ‘இந்திய’ என்ற சொல்லை நீக்கிவிட்டு எந்த இனத்தவராயினும் தோட்டத் தொழிலாளி என்றால் வாக்கு இல்லை என்று மாற்றினார்கள். காகிதத்தில் இனபேதம் மறைந்தது. லயத்தில் இருந்தவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. துரைக்கு ஊர்ச்சபை வாக்கு, அவர் தோட்டத்து ஆளுக்கு இல்லை என்பதே 1937இன் கணக்கு.

வேலையின்மைக்குப் பழிபோட ஆள் தேடிய அரசியல் அந்த வருடங்களில் வளர்ந்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கிருந்த இந்தியர்களை நீக்கும் திட்டம் வந்தது. ஜவாஹர்லால் நேரு ஜூலையில் கொழும்பு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அப்போது உருவானது. ஆகஸ்ட் முதலாம் தேதி முதல் இந்தியா இலங்கைக்குக் கூலியாள் அனுப்புவதை நிறுத்தியது. அடுத்த வருடம் மலை கொதித்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். வேலைநிறுத்தம் தெற்கே ஊவாவுக்கு இறங்கிப் பரவியது. பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்தச் சபையோடு கலந்துபேசி நடக்கத் துரை ஒப்புக்கொண்டார். ஆயுதத்தோடு வந்த பொலிஸ்காரரிடமிருந்து துவக்கைப் பறித்ததாகவும் இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியின் வரலாறு பெருமையோடு சொல்கிறது. கிராமச் சபையில் இடம் மறுக்கப்பட்டு மூன்று வருடத்தில், ஊவாத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தாமே கூட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிந்திய கதை பலருக்கும் தெரிந்தது. 1947இல் பதுளையிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்கும் போயின. 1945இல் வந்த இலவசக் கல்வி மலையேறத் தயங்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் உண்மையில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அதற்குச் சற்று முன், 1973, 1974இல், உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேறி, கூப்பன் அரிசியும் மாவும் வெட்டப்பட்டு, லயங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு தலைமன்னார் நோக்கிப் போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது, பழைய கதவில் புதுப் பூட்டு போட்டதுபோல அதன் 33ஆம் பிரிவு இருந்தது. தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட அது தடையாக நின்றது. குடியுரிமை திரும்பக் கிடைத்து, வாக்களித்து, ஹல்துமுல்லைப் பிரதேச சபைக்குத் தம் ஆளையே அனுப்பினாலும், லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாது. 2014 அக்டோபர் 29 காலையில் இதே ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த நிலம் ஆபத்தானது என்று எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஆட்களை வேறிடத்தில் குடியேற்றும் பொறுப்பு தோட்டத்துக்கா, சபைக்கா, அரசாங்கத்துக்கா என்பது முடிவாகாமலே கிடந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பிவந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு.

33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. 1889இலிருந்து எண்ணினால் 129 வருடம். ஆனால் அந்தத் திருத்தம் வேர்பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. 2021இல் இரசாயன உரத் தடை, 2022இல் நாடே முறிந்த கடன். அந்த வருடம் தேயிலை உற்பத்தி சுமார் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. 2021இல் கிடைத்த 1,000 ரூபா நாட்சம்பளத்தை மாவு விலை விழுங்கியது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சைகள் தள்ளிப்போயின, கொழும்பில் நாளேடுகள் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. எரிபொருள் இல்லாமல் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைபேசிக்கு மாறியபோது, சிக்னல் தேடி மலைமேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளுக்கு அந்தக் கைபேசியும் வீட்டில் ஒன்றுதான். 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிவைக்கப்பட்டது. அந்த மாதமே சபைகளின் காலமும் முடிந்தது. தோட்டத்துக்குச் செலவிடலாம் என்று சட்டம் சொன்ன காலத்தில், செலவிடத் தீர்மானம் எடுக்க உறுப்பினர் இல்லை.

தேர்தல் 2025 மே 6ஆம் தேதி நடந்தது. மலையகத்தில் வாக்களிப்பு நிலையம் என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். கரும்பலகையைச் சுவரோடு சாய்த்துவிட்டு, சின்ன வாங்குகளை ஓரமாக அடுக்கி, நடுவே வாக்குப்பெட்டி வைத்திருப்பார்கள். காலையில் அங்கே வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்ட பெண்களில் பலர், நேராகக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். பொழுது சாயக் கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் அந்த மை காய்ந்து கறுத்து விரல் நகத்தில் அப்படியே இருந்தது.