1859 நவம்பரில் வந்த கடிதங்கள்

1859ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள இல்க்லி என்னும் சிற்றூரில் ஒரு நோயாளி தங்கியிருந்தார். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டியும் ஈரத்துணி சுற்றியும் வைத்தியம் செய்யும் விடுதி அவ்வூரில் இருந்தது. அங்கு வந்தவருக்கு நோய் குறைவதற்கு மாறாகக் கூடியது. ஒரு கால் யானைக்கால் போல வீங்கியது. கண்கள் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் தடித்தது. உடலெங்கும் கொப்புளங்கள் எழுந்தன. அவருக்கு வயது 50. பெயர் சார்லஸ் டார்வின். அந்த மாதம் 24ஆம் நாள் லண்டனில் ஜான் முர்ரே என்னும் பதிப்பாளர் அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலை வெளியிட இருந்தார். அச்சிட்டவை 1,250 படிகள். வெளிவருமுன்னரே புத்தக வணிகர்கள் அதற்கும் மேலான எண்ணிக்கையில் கேட்டுவிட்டார்கள்.

அந்த நூலின் கொள்கையைப் பற்றி இங்கே வழக்காட நாம் முற்படவில்லை. நம் வீடுகளில் பள்ளிப் பாடநூலின் வழியாகப் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கொண்டுவருகிறார்கள். பெற்றோர் தமக்குத் தெரிந்த அளவில் விடை சொல்கிறார்கள். நாம் பார்க்க விரும்புவது வேறொன்று. தாம் நேசித்த ஒருவர், தம் நம்பிக்கையின் வேரையே அசைப்பதாகத் தோன்றும் ஒரு நூலை எழுதி அனுப்பும்போது, ஓர் இறைநம்பிக்கையாளர் அவருக்கு எப்படிப் பதில் எழுதினார் என்பதே அது.

முதலில் அஞ்சலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்தது. அரை அவுன்சு எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணத்தில் சென்றது. கென்ட் மாவட்டத்துக் கிராமமொன்றில் வீட்டைவிட்டு அதிகம் வெளியேறாமல் வாழ்ந்த டார்வினுக்கு இந்த முறைதான் கைகால்கள். புறா வளர்ப்போர், தோட்டக்காரர், தொலைதேசத்து அதிகாரிகள் என்று எல்லாரிடமும் கேட்டுக் கேட்டே அவர் தகவல் சேர்த்தார். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்து அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளித் அனுப்பிய நீண்ட கடிதங்களும் அவற்றுள் அடங்கும். இன்று கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் பதிப்பித்து முடித்துள்ள டார்வின் கடிதத் தொகுப்பு 30 பாகங்களைக் கொண்டது. அதிலுள்ள கடிதங்கள் 15,000க்கும் மேல்.

நவம்பர் 11 தொடங்கி, நூலின் அன்பளிப்புப் படிகளைப் பெறவிருந்தவர்களுக்கு டார்வின் கடிதங்கள் எழுதினார். ஏறக்குறைய எல்லாமே மன்னிப்புக் கேட்கும் தொனி. இந்தியாவில் சிவாலிக் குன்றுகளின் புதைபடிவங்களை ஆராய்ந்த ஹியூ பால்கனருக்கு எழுதும்போது, இதைப் படித்தால் என்னை உயிரோடு சிலுவையில் அறையத் தோன்றும் என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். பிறகு படுக்கையில் கிடந்து, வருவதை எதிர்நோக்கினார்.

நல்ல சொற்கள்தாம் முதலில் வந்தன. தாவரவியலாளர் ஹியூவெட் வாட்சன், இந்த நூற்றாண்டின் இயற்கை அறிவியலில் மிகப் பெரிய புரட்சியாளர் நீரே என்று எழுதினார். உடற்கூற்றியல் அறிஞர் ஹக்ஸ்லி, எதிர்ப்போரைச் சந்திக்க நகத்தையும் அலகையும் தீட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிவித்தார். கூடவே, இயற்கை ஒருபோதும் தாவிச் செல்லாது என்று நீர் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு குட்டும் வைத்தார். அண்ணன் ஈராஸ்மஸ், இதைவிடச் சுவையான நூலைத் தாம் படித்ததே இல்லை என்றார். உண்மைகள் இந்தக் கோட்பாட்டோடு பொருந்தாவிட்டால் அது அந்த உண்மைகளுக்குத்தான் கேடு என்றும் சொன்னார்! அண்ணனின் பாசத்தை அறிவியல் சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும் நோயாளித் தம்பிக்கு அது மருந்தாக இருந்திருக்கும்.

சமயத்தவர் தரப்பிலிருந்து முதலில் வந்த முக்கியமான கடிதம் சார்லஸ் கிங்ஸ்லி என்னும் பாதிரியாருடையது. நாள் நவம்பர் 18. நாவலாசிரியராகவும் புகழ்பெற்றவர் அவர். நூல் தம்மைப் பிரமிக்க வைப்பதாகவும், நீர் சொல்வது சரியானால் இதுவரை நம்பிய பலவற்றைத் தாம் கைவிட வேண்டியிருக்கும் என்றும் மறைக்காமல் எழுதினார். தேவையான வடிவங்களாகத் தாமே வளரும் ஆற்றலுடன் ஆதி உயிர்களை இறைவன் படைத்தான் என்று நம்புவதும், இடைவெளி நேரும்போதெல்லாம் புதிதாகப் படைத்தான் என்று நம்புவதும் ஒரே அளவு மேன்மையானவை என்பதே அவர் கருத்து. டார்வின் அகமகிழ்ந்தார். அனுமதி கேட்டு, 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில், பெயரைச் சொல்லாமல் அந்தக் கருத்தைச் சேர்த்துக்கொண்டார்.

நம் மார்க்க அறிஞர்களுள்ளும் இதற்குச் சற்று நெருங்கிய ஒரு குரலைப் பிற்காலத்தில் கேட்கிறோம். ஷாம் தேசத்துத் திரிப்போலியைச் சேர்ந்த ஷைகு ஹுஸைன் அல்ஜிஸ்ர் 1888இல் வெளியிட்ட 'ரிஸாலா ஹமீதிய்யா'வில் இந்தக் கொள்கையை எடுத்து ஆராய்ந்தார். சான்று அறுதியானதாக இல்லை என்றார். அறுதியான சான்று என்றேனும் நிலைநாட்டப்பட்டால், படைத்தவன் அல்லாஹ்வே என்னும் ஈமானுக்கு ஊறின்றி வசனங்களுக்கு விளக்கம் காண வழியுண்டு என்றும் சொன்னார். இதை ஏற்காத ஆலிம்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

நம்மை அதிக நேரம் நிறுத்தி வைத்தது நவம்பர் 24ஆம் நாளிட்ட கடிதம்தான். நூல் வெளியான அதே நாளில் அதை எழுதியவர் கேம்பிரிட்ஜின் நிலவியல் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக். வயது 74. திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். 1831ஆம் ஆண்டுக் கோடையில், இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியான டார்வினை வேல்ஸ் மலைகளுக்கு அழைத்துச் சென்று, பாறையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். சுருங்கச் சொன்னால் உஸ்தாது.

உஸ்தாது மழுப்பவில்லை. உம் நூலை மகிழ்ச்சியைவிட அதிக வேதனையோடு படித்தேன் என்றார். சில பகுதிகளைப் பெரிதும் வியந்ததாகவும், சில பகுதிகளில் விலா நோகச் சிரித்ததாகவும், வேறு சிலவற்றைத் துயரத்தோடு படித்ததாகவும் எழுதினார். அந்தக் கடைசிப் பகுதிகள் முற்றிலும் பொய்யானவை, கேடு விளைவிப்பவை என்பது அவர் எண்ணம். சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் நேர்வழியை நீர் விட்டுவிட்டீர் என்று கண்டித்தார். இயற்கைக்குப் பருப்பொருள் சார்ந்த பக்கம் இருப்பதுபோல ஒழுக்கம் சார்ந்த பக்கமும் உண்டு. இரண்டையும் இணைக்கும் கண்ணியை அறுத்தால் மனித இனம் விலங்கு நிலைக்குத் தாழும் என்று எச்சரித்தார். இந்த அச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட மாட்டோம். அதன் பின்வந்த நூறாண்டில் இனவெறியர்கள் டார்வினின் சொற்களை எவ்வாறெல்லாம் வளைத்தார்கள் என்பதை உலகம் கண்டது.

ஆனால் கடிதம் அங்கே முடியவில்லை. இனி, ஒரு குரங்கின் மகனும் உம் பழைய நண்பருமான ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் என்று கிழவர் தம்மையே கேலி செய்துகொண்டு, தம் உடல்நலத்தைத் தெரிவிக்கிறார். (மனிதனின் தோற்றத்தைப் பற்றி அந்த நூலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதை டார்வின் எழுதியது 1871இல்தான். ஆனால் எல்லாரும் முதல் நாளே குரங்கை ஊகித்துவிட்டார்கள்.) வாரத்தில் மூன்று நாள் பாடம் நடத்துவதாகவும், உடல் மெல்ல மண்ணை நோக்கிச் சாய்வதாகவும் சொல்கிறார். படைப்பின் வழியாகவும் வேதத்தின் வழியாகவும் இறைவன் தன்னை வெளிப்படுத்தியிருப்பதைப் பணிவோடு ஏற்கிறேன். நீரும் நானும் அதன்படி நடந்தால் சுவனத்தில் சந்திப்போம் என்று முடிக்கிறார்.

கண்டித்த கையே மாணவருக்காக மறுமையையும் விரும்பி எழுதியது. டார்வின் இரண்டு நாளில் பதில் விடுத்தார். மனமார மதிக்கும் ஒருவரை அதிர்ச்சிக்குள்ளாக்கியதற்கு வருந்துகிறேன். இருபதாண்டுகளுக்கு மேல் அடிமைபோல உழைத்தேன், தீய நோக்கம் எதுவும் என்னைச் செலுத்தியதாக அறியேன். கண்டடைந்ததை மறைக்குமாறு நீங்களும் விரும்பமாட்டீர்கள். நான் தவறியிருந்தால் மற்ற ஆய்வாளர்கள் விரைவில் என்னை வீழ்த்திவிடுவார்கள் என்று எழுதினார்.

இதன் அருகில் ரிச்சர்ட் ஓவனை வைத்துப் பார்க்கலாம். நேரில் இனிக்கப் பேசிய அந்த உடற்கூற்றியல் பேரறிஞர், 1860 ஏப்ரலில் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் பெயர் போடாமல் நூலைக் கடுமையாகத் தாக்கினார். அதே கட்டுரையில் பேராசிரியர் ஓவனைப் பாராட்டவும் அவர் மறக்கவில்லை. செட்ஜ்விக்கும் பின்னர் பெயரிடாமல் ஓர் இதழில் மறுத்தெழுதினார் என்பது உண்மையே. ஆனால் அதில் கண்ட எதுவும் டார்வினுக்குப் புதிதல்ல. எல்லாம் முன்பே முகத்துக்கு நேரே சொன்னவை.

அதே ஏப்ரலில் பேட்ரிக் மேத்யூ என்பவர் ஒரு தோட்டக்கலை இதழுக்குக் கடிதம் எழுதினார். கப்பல் மரங்களைப் பற்றி 1831இல் தாம் எழுதிய நூலின் பின்னிணைப்பில் இதே கருத்தை முன்பே சொல்லிவிட்டதாக உரிமை கோரினார். டார்வின் அந்த நூலை வரவழைத்துப் படித்தார். ஆம், இவர் முந்திக்கொண்டார், அறியாமைக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அதே இதழில் அச்சிலேயே ஒப்புக்கொண்டார். ஓர் எழுத்தாளருக்கு இதைவிடக் கசப்பான மருந்து உண்டா என்பது நமக்குத் தெரியாது.

மிகத் தொலைவிலிருந்து வந்தது ஆல்பிரட் வாலஸின் கடிதம். முஸ்லிம் சுல்தான்களின் தீவான டெர்னாட்டேயிலிருந்து 1858இல் இதே கொள்கையைத் தனியே எழுதி அனுப்பியவர் அவர். சரவாக்கில் 1855 இறுதியில் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர்தான் அவருக்குத் துணை. பச்சான் தீவில் புதிய சொர்க்கப் பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தவரும் அலிதான். கிழக்கு நோக்கிய அஞ்சல் அந்நாளில் எகிப்தைக் கடந்து சூயஸ் வந்து, நம் காலித் துறைமுகத்தைத் தொட்டுச் சிங்கப்பூர் போகும். டார்வினின் நூலும் அப்படித் தேடிப் போய்ச் சேர்ந்தது. 1860 பிப்ரவரியில் வாலஸ் எழுதிய பதில் தொலைந்துவிட்டது. அதன் பெருந்தன்மை டார்வினின் மறுமொழியில் தெரிகிறது: உங்கள் இடத்தில் வேறு யார் இருந்தாலும் பொறாமை கொண்டிருப்பார்கள் என்று அவர் வியந்திருக்கிறார்.

1870 மே மாதத்தில் டார்வின் கேம்பிரிட்ஜ் சென்றபோது செட்ஜ்விக்கைக் கண்டார். உஸ்தாதுக்கு அப்போது 85 வயது, மாணவருக்கு 61. செட்ஜ்விக் மிகுந்த அன்போடு வரவேற்று, வாரும், என் அருங்காட்சியகத்தைக் காட்டுகிறேன் என்று எழுந்தார். ஒவ்வொரு பேழையாக நடத்திச் சென்று காட்டினார். டார்வின் களைத்துத் துவண்டுபோனார். இந்த வயதில் ஒருவர் என்னைக் கொன்றே போட்டார், கொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவும் இல்லை என்று நண்பர் ஹூக்கருக்கு வீடு திரும்பி எழுதினார்.