குருந்தமும் தீட்டுகல்லும்

'தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறதா?' என்பது நம் முதியோர் வாக்கு. நன்றி மறந்தாரைக் கடியும் இப்பழமொழியில் ஒரு தொழில் வரலாறும் உறைந்து கிடக்கின்றது. மரப்பலகையிற் கற்றூளைத் தூவி, அதன்மேற் கத்தியைத் தேய்த்துக் கூராக்கும் வழக்கத்தை அது நினைவூட்டுகின்றது. இரும்பைத் தேய்ப்பது மரமன்று. மரம் தாங்கி நிற்கும் துகளே. இன்று கடையில் விற்கும் தீட்டுகல்லும் இத்தத்துவத்தில் அமைந்ததே.

தீட்டும் துகள் உருக்கினும் வலியதாதல் வேண்டும். 1812ஆம் ஆண்டில் மோஸ் என்னும் அறிஞர் வகுத்த கடினவரிசையிலே வைரம் 10. மணலிலுள்ள படிகக்கல் 7. வைரத்துக்கு அடுத்து 9ஆம் இடத்தில் நிற்பது குருந்தம். இரத்தினபுரியின் நீலமும் சிவப்பும் இக்குருந்தத்தின் ஒளிமிக்க வகைகளேயாம். ஒளியற்ற குருந்தம் தமிழகத்திற் பழைய சேலம் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிற் கிடைக்கின்றது. பாரத நாட்டுச் சாணை பிடிப்போர் அதன் தூளை உருக்கிய அரக்கிற் குழைத்துச் சக்கரமாக்கினர். துகளைப் பிசினாற் பிணைத்துக் கல்லாக்கும் இன்றைய ஆலைத்தொழிலின் மூலக்கருத்து அதில் இருந்ததன்றோ!

1798இல் இலண்டன் அரச கழகத்திலே சாள்ஸ் கிரெவில் என்பார் இக்கல்லைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். 'குருந்தம்' என்ற தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்திற் 'கொரண்டம்' ஆயிற்றென அகராதியார் காட்டுவர். வடமொழிக் 'குருவிந்தம்' அதன் இனச்சொல். 1891இல் அமெரிக்கரான அச்செசன், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தாற் காய்ச்சிப் புதியதொரு துகளைக் கண்டார். அது கரியும் குருந்தமும் சேர்ந்ததெனக் கருதிக் 'காபொறண்டம்' எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் கூடிய பொருள். கருத்துத் தவறினும் பெயர் நிலைத்தது. நம் சொல்லும் அதனுள் நின்றது. 1954இல் சென்னையிலே காபொறண்டம் யுனிவர்சல் நிறுவனம் தோன்றியபோது, அச்சொல் கடல் கடந்து தாயகம் மீண்டது எனலாம்.

கல்லூரியில் இதனை அந்நியச் சொல்லாகவே நாம் பயின்றோம். அயலிலே ஓடாவியார் உளி தீட்டுவதை வெறும் கைவேலையென எண்ணிக் கடந்தும் போயிருக்கிறோம். நாணத்தக்கதே.

கல் வாங்கும் இளைஞர் சில அறிதல் நன்று. கல்லின் எண் கூடக்கூடத் துகள் நுண்ணிதாகும். வாய் உடைந்த உளிக்குப் பருங்கல்லும், கூரை முடிக்க நுண்கல்லும் வேண்டும். ஒரு கல்லே இரண்டுக்கும் போதாது. பள்ளம் விழுந்த கல் சீவுளிக்கு நேரான வாய் தராது. ஆதலின் நேர்விளிம்பை வைத்துச் சமன் பார்த்தே வாங்குக. எண்ணெய் இட்டுப் பழகிய கல்லிற் பின்னர் நீர் ஊற்றற்க. கல் முழுவதும் தேயுமாறு தீட்டுக.

சாகாமத்திலும் அயலூர்களிலும் நம் வீட்டு நிலையும் கதவும் செய்தோர், கல்லைத் தொட்டே அதன் தரம் அறிந்தவர். அவ்வறிவு எந்த நூலிலும் ஏறவில்லை; அவருடன் மறைந்துவிடக் கூடியது. படித்த நாம் அவர்பாற் சென்று கேட்டு எழுதிவைத்தல் கடன். நம்மைத் தீட்டிய மரங்கள் அவர்களும் அல்லரோ?