ரோபோவுக்குள்ள உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன மரியாதை?

1/
ஆறு மாடி உயரத்துக்கு ஒரு போர் இயந்திரம். அதோட நெஞ்சுக்குள்ள ஒருத்தர் உட்கார்ந்து ஓட்டுறார். ஜப்பானிய அனிமேல இந்த மெக்கா கதைகள் ஐம்பது வருஷத்துக்கும் மேல ஓடிட்டிருக்கு. சண்டைக் காட்சியெல்லாம் பார்த்திருப்பீங்க. இந்த இழை வேற ஒரு கேள்வி பத்தினது. அந்த பைலட்டுக்கு அவரோட சமூகத்துல என்ன இடம்? கொஞ்சம் நீளம், ஒரு டீயோட உட்காருங்க.

2/
முதல்ல நிஜ வரலாறு. மத்தியகால ஐரோப்பாவுல நைட் எனப்பட்ட குதிரை வீரனுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? போர்க்குதிரையும் இரும்புக் கவசமும் பயங்கர விலை. அதை வாங்கிப் பராமரிக்க நிலம் வேணும். அதாவது வாகனம் அவனோட சொத்து. ராஜாவே அவன்கிட்ட பேரம் பேசித்தான் ஆகணும்.

3/
முதல் உலகப்போர்ல இந்தப் பெருமை வானத்துக்குப் போச்சு. 80 விமானங்களை வீழ்த்திய ஜெர்மன் பைலட் மான்ஃபிரெட் வான் ரிக்தோஃபன் பிறப்பால பிரபு, முதல்ல குதிரைப்படை அதிகாரி. பதுங்குகுழிப் போர்ல குதிரைக்கு வேலை இல்லாமப் போனதும் விமானத்துக்கு மாறினார். விமானத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினார். 1918 ஏப்ரல் 21-ல் அவர் இறந்தப்ப, எதிரணியில இருந்த ஆஸ்திரேலியப் படையே முழு ராணுவ மரியாதையோட அடக்கம் பண்ணுச்சு. ஆனா அந்த விமானம் அவரோடது இல்ல, அரசாங்கத்தோடது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

4/
இப்போ கதைக்கு வருவோம். 1956-ல வந்த டெட்சுஜின் 28-ல பையன் வெளியில நின்னு ரிமோட்ல ரோபோவை இயக்குவான். 1972-ல கோ நாகாய் மாசிங்கர் ஸெட்ல பையனை ரோபோவோட தலைக்குள்ளயே உட்கார வச்சார். ஹீரோ கோஜி கபுடோவுக்கு அந்த ரோபோ தாத்தா கட்டிக் கொடுத்துட்டுப் போன சொத்து. அதனால அவன் யாருக்கும் கைகட்டி நிக்கல. நைட் மாதிரியே, வாகனம் அவனோடது.

5/
இதே யோசனையை அமெரிக்க விளையாட்டான பேட்டில்டெக் (1984) கடைசி வரைக்கும் கொண்டுபோச்சு. தொழிற்சாலைகள் அழிஞ்சுபோன எதிர்காலம். போர் இயந்திரங்கள் தாத்தா, அப்பா, மகன்னு பரம்பரையா கைமாறும். ஓட்டுறவங்க பிரபுக்கள் மாதிரி வாழ்வாங்க. ஒரு சண்டையில இயந்திரம் போயிட்டா அந்தஸ்தும் போயிடும். அப்படி இழந்தவங்களைக் குறிக்க அந்த உலகத்துல தனிச் சொல்லே உண்டு. மரியாதை ஆளுக்கா, இயந்திரத்துக்கான்னு இங்க சந்தேகமே வராது.

6/
1979 ஏப்ரல்ல மொபைல் சூட் கன்டம். இயக்குநர் யோஷியுகி டோமினோ. 15 வயசு அமுரோ ரே ராணுவ இயந்திரத்துல ஏற வேண்டியதாகுது. எதிரி சார், சிவப்பு இயந்திரத்துல வர்ற தலைவரோட மகன், ரிக்தோஃபன் பாணி. அமுரோ ஜெயிச்சுக் கொடுக்கிறான். பரிசு என்ன தெரியுமா? 1985-ல வந்த தொடர்ச்சியான ஸீட்டா கன்டம்ல அவனை ஒரு பங்களாவுல வச்சு, வேலையாட்களையே உளவு பார்க்க விட்டிருக்காங்க. போர் முடிஞ்ச பிறகு அவ்வளவு திறமை இருக்கிற ஆள் அரசாங்கத்துக்குப் பயம்.

7/
டோமினோ பிறந்தது 1941-ல. அந்தத் தலைமுறை ஜப்பானியர்களுக்கு இது வெறும் கற்பனை கிடையாது. கடற்படையோட யோகாரென் பயிற்சியில பதினஞ்சு, பதினாறு வயசுப் பசங்க சேர்ந்தாங்க. ஏழு பொத்தான் சீருடை, சினிமாப் பாட்டு, ஊரெல்லாம் பெருமை. 1944 அக்டோபர்ல இருந்து தற்கொலைத் தாக்குதல் படைகள். இறந்தவங்களுக்கு இரண்டு படி பதவி உயர்வு, போர்க்கடவுள்னு பட்டம்.

8/
1945-ல போர் முடிஞ்சது. உயிரோட திரும்பின அதே பைலட்டுகள்ல வழிதவறினவங்களைக் குறிக்க ஒரு வசைச்சொல் வந்துச்சு, டொக்கோ குசுரே. தற்கொலைப் படையோட உதிரிங்கற மாதிரி அர்த்தம். செத்தவன் கடவுள், பிழைச்சவன் ரவுடி. இடையில சில மாசம்தான்.

9/
ஜெயிச்ச பக்கம் மட்டும் ஒழுங்கான்னு கேட்டா, அதுவும் இல்ல. பிரிட்டன் குண்டுவீச்சுப் படையில பறந்த சுமார் 1,25,000 பேர்ல 55,573 பேர் இறந்தாங்க. எல்லாருமே தானா முன்வந்தவங்க. ஒரே விமானத்துல ஒண்ணா உயிரைப் பணயம் வச்சுட்டு, தரையிறங்கினதும் அதிகாரி ஒரு சாப்பாட்டுக் கூடத்துக்கும் சார்ஜென்ட் இன்னொரு கூடத்துக்கும் போகணும்.

10/
இனி என்னால முடியாதுன்னு ஒருத்தர் சொன்னா? 1940-ல இருந்து அதுக்கு ஒரு முத்திரை இருந்துச்சு, மன உறுதிக் குறைவு. சட்டையில இருக்கிற இறக்கைச் சின்னத்தைப் பிடுங்கிடுவாங்க. இவருக்கு நோயா, கோழைத்தனமான்னு கருத்து சொல்ல வேண்டியது படை மருத்துவர். நோய்னு எழுதினா சிகிச்சை, இல்லைன்னா அவமானம். நான் டாக்டர்ங்கறதால மெக்கா கதை பார்க்கும்போதும் என் கண்ணு காக்பிட்டுக்குப் பக்கத்துல நிக்கிற வெள்ளைக் கோட்டைத்தான் தேடும்.

11/
தேடினா எல்லா இடத்துலயும் இருக்காங்க. ஸீட்டா கன்டம்ல முராசாமே ஆய்வகம் ஒரு பொண்ணை மருந்தும் பயிற்சியுமா மாத்தி பைலட் ஆக்குது. அவ நாலாவது ஆள், அதனால பேரே ஃபோர். பழைய நினைவுகள் எதுவும் அவகிட்ட இல்ல. சண்டை போட்டா நினைவு திரும்பும்னு ஆசை காட்டித்தான் ஏத்துறாங்க. 1983-ல வந்த வோட்டம்ஸ்ல பளபளப்பே கிடையாது. நாலு மீட்டர் தகர இயந்திரம், ஆயிரக்கணக்குல தயாரிப்பு. ஓட்டுறவனுக்குக் கிடைக்கிற பட்டப்பெயர் அடிமட்டம்.

12/
1995-ல எவாஞ்சலியன். 14 வயசு ஷின்ஜி முதல்ல ஏற மாட்டேன்னு சொல்றான். சரி, போன்னுட்டு, உடம்பெல்லாம் கட்டுப் போட்ட ரெய்ங்கற பொண்ணை ஸ்ட்ரெச்சர்ல அவன் கண் முன்னாடி தள்ளிட்டு வர்றாங்க. நீ ஏறலைன்னா இவதான் ஏறணும். பையன் ஒத்துக்கிறான். மருத்துவத்துல சம்மதம்னா மறுக்கிற உரிமையும் சேர்ந்ததுதான். ஆஸ்பத்திரியில நான் இப்படிக் கையெழுத்து வாங்கினா அதுக்குப் பேர் மிரட்டல்.

13/
2015-ல அயர்ன் பிளடட் ஆர்ஃபன்ஸ். அனாதைப் பசங்களோட முதுகுத்தண்டுல கருவி பதிப்பாங்க. வளர்ற உடம்புலதான் அது ஒட்டும், அதனால குழந்தைகள் மட்டும். தோத்துப்போனா வாழ்நாள் முடக்கம். நாயகன் மிகாசுகிக்கு மூணு தடவை அந்த அறுவை. ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு வலது கண்ணும் வலது கையும் செயலிழந்துடும், இயந்திரத்தோட இணைச்சா மட்டும் இயங்கும். அவனோட கூட்டாளிகள்ல சிலர் விலைக்கு வாங்கப்பட்டவங்க, பேரே மனிதக் குப்பை. அதே உலகத்துல எதிரணி பைலட்டுகள் ஏழு பிரபுக் குடும்பத்து வாரிசுகள். அவங்களுக்கு இந்தப் பசங்களோட முதுகைப் பார்த்தாலே அருவருப்பு. ஒரே தொழில்தான் ரெண்டு பேருக்கும்.

14/
கடைசியா, 2017-ல நாவலா வந்து 2021-ல அனிமே ஆன எய்ட்டி சிக்ஸ். ஒரு குடியரசு எங்க போர் இயந்திரங்கள் ஆளில்லாதவை, உயிரிழப்பு பூஜ்யம்னு பெருமையா அறிவிக்குது. உள்ளே ஆள் இருக்காங்க. வேற நிறத்துல பிறந்த குடிமக்களை மனுஷங்களே இல்லைன்னு சட்டப்படி அறிவிச்சுட்டாங்க, அதனால கணக்குல வரமாட்டாங்க. பொய் சொல்லாமலே பொய்.

15/
வரிசையா வச்சுப் பாருங்க. முதல்ல பைலட்டுக்கு இயந்திரம் சொந்தம். அப்புறம் இயந்திரம் அரசாங்கத்துக்குச் சொந்தம். கடைசியில பைலட்டே அரசாங்கத்துக்குச் சொந்தம். வீரன், கடவுள், குப்பைன்னு பட்டம் மாறிட்டே இருக்கலாம். ஒருத்தரோட உண்மையான அந்தஸ்து தெரியணும்னா நான் மூணு கேள்வி கேட்பேன். வண்டி யாரோடது? அவர் இறங்க முடியுமா? போர் முடிஞ்ச மறுநாள் அவருக்கு என்ன கிடைக்குது?

16/
என் சக மருத்துவர்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. இந்த உடம்பு தகுதியானதுன்னு கடைசியா கையெழுத்து போடுறது நாமதான், நிஜத்துலயும் கதையிலயும். அந்தக் கையெழுத்து உட்கார்ந்திருக்கிற ஆளுக்காகவா, ஆள் தேவைப்படுற இருக்கைக்காகவான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கணும்.

உங்களுக்குப் பிடிச்ச மெக்கா பைலட் யாரு? அவருக்கு இறங்குற உரிமை இருந்துச்சா? கீழே சொல்லுங்க, பேசுவோம்.